மேசைக்கு எதிரே ஓர் இளைஞன்

அந்த நேர்காணலில் முதலில் சறுக்குவது கேள்வி கேட்டவர்தான். சுதந்திரத்தின்போது இங்கிலாந்தின் பிரதமர் யார் என்கிறார். யாருடைய சுதந்திரம் சார் என்று திருப்பிக் கேட்கிறான் சித்தார்த்தன். அப்பா இறந்துபோனதால் மருத்துவப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வேலை தேடி அலையும் கல்கத்தா இளைஞன் அவன். அடுத்த கேள்வி, கடந்த பத்தாண்டுகளின் மிக முக்கியமான நிகழ்ச்சி எது என்பது. நிலவில் மனிதன் கால்வைத்து அதிக நாள் ஆகவில்லை. அந்தப் பதிலுக்காகத்தான் அறை காத்திருக்கிறது. அவனோ வியட்நாம் போர் என்கிறான். நிலவுப் பயணம் பெரிய சாதனைதான், ஆனால் அறிவியல் போகிற வேகத்தில் அது என்றைக்காவது நடக்கும் என்று தெரியும். சாதாரண வியட்நாம் மக்களுக்குள் இவ்வளவு துணிவு இருக்கும் என்று யாரும் நினைத்துப் பார்க்கவில்லை என்று விளக்குகிறான். நீங்கள் கம்யூனிஸ்ட்டா என்று கேட்கிறார்கள். வியட்நாமை மதிக்க அப்படி இருக்க வேண்டியதில்லை என்கிறான். அவ்வளவுதான், வேலை போயிற்று.

சத்யஜித் ராயின் 'பிரதித்வந்தி' (1970) படத்தில் வரும் காட்சி இது. இந்திய சினிமா தன் இளைஞர்களைப் பற்றிப் பேசிய வரலாற்றை இந்த மேசையிலிருந்தே தொடங்கலாம். நம் படங்களின் இளைஞன் தனிமையில் உட்கார்ந்து 'நான் யார்' என்று கேட்டுக்கொள்வது குறைவு. அவனிடம் மற்றவர்கள் கேட்கிறார்கள். பெயர் என்ன, அப்பா பெயர் என்ன, எந்த ஊர், என்ன படிப்பு, என்ன ஆட்கள், எவ்வளவு சம்பளம்? கேட்பவர் அதிகாரியாக இருக்கலாம், பேராசிரியராக இருக்கலாம், பெற்ற அப்பாவாகவோ காதலியின் உறவினராகவோகூட இருக்கலாம். தங்களுக்கு வேண்டிய பதிலை முன்கூட்டியே வைத்துக்கொண்டு கேட்பவர்கள் இவர்கள். அந்தப் பதிலைச் சொல்ல வாய் வராதபோது உள்ளே மூளும் கொந்தளிப்புக்குத்தான் நாம் இளமையின் அமைதியின்மை என்று பெயர் வைத்திருக்கிறோம். அந்தக் கொந்தளிப்பை மழுப்பாமல் காட்டிய படங்கள் அரை நூற்றாண்டு கழித்தும் நிற்கின்றன.

கல்கத்தாவின் கோடை

'பிரதித்வந்தி' சுனில் கங்கோபாத்யாயின் நாவலிலிருந்து எடுக்கப்பட்ட படம். அது வந்த காலத்துக் கல்கத்தாவில் ஆலைகள் முடங்கிக்கொண்டிருந்தன. பிரிவினை கொண்டுவந்து சேர்த்த அகதிக் குடும்பங்கள் நகரத்தின் ஓரங்களில் இன்னும் வேர்பிடிக்கவில்லை. 1967-ல் நக்சல்பாரியில் எழுந்த உழவர் கிளர்ச்சி கல்லூரி விடுதிகளுக்குள் நுழைந்திருந்தது. சித்தார்த்தனின் தம்பி அந்தப் பக்கம் போய்விட்டான். தங்கைக்கு வேலை கிடைத்துவிட்டது; அவளுடைய முதலாளியைப் பற்றி ஊர் பேசுகிறது. நடுவில் நிற்பவன் சித்தார்த்தன். தம்பியைப் போல் துப்பாக்கியை நம்பவும் முடியவில்லை, தங்கையைப் போல் கிடைத்ததை வைத்து முன்னேறவும் மனம் ஒப்பவில்லை. முதலாளியை மிரட்டிவிட்டு வரலாம் என்று அவர் வீட்டுக்கே போகிறான். ஒன்றும் செய்யாமல் திரும்புகிறான். த்ருதிமான் சாட்டர்ஜி அந்தத் தோல்வியை எந்த நாடகமும் இல்லாமல், உடம்பை வைத்துக்கொள்ளும் விதத்திலேயே காட்டிவிடுகிறார்.

இறுதியில் வரும் இரண்டாவது நேர்காணலை நிதானமாகப் பார்க்க வேண்டும். புழுங்கும் கோடை நாள். தாழ்வாரத்தில் இளைஞர்கள் குவிந்து கிடக்கிறார்கள். உட்கார நாற்காலி போதவில்லை. ஒருவன் மயங்கி விழுகிறான். நாற்காலி போடச் சொல்லிக் கேட்கப் போனால் அதிகாரிகள் எரிந்து விழுகிறார்கள். காத்திருக்கும் வரிசை முழுவதும் எலும்புக்கூடுகளாகச் சித்தார்த்தனின் கண்ணுக்குத் தெரிகிறது. எழுந்து உள்ளே போகிறான், மேசையைக் கவிழ்க்கிறான். படம் அதோடு முடிந்திருந்தால் கைதட்டிவிட்டுப் போயிருப்போம். ராய் அவனை பாலூர்காட் என்னும் சிற்றூருக்கு மருந்து விற்பனைப் பிரதிநிதியாக அனுப்புகிறார். வெடித்துத் தீர்த்த பிறகும் மறுநாள் சோறு வேண்டும் என்ற உண்மையை மறைக்காத முடிவு அது.

அடுத்த ஆண்டில் மிருணாள் சென் எடுத்த 'இன்டர்வியூ' இதே மேசையை வேறு கோணத்தில் வைத்தது. ரஞ்சித் மல்லிக் என்ற நடிகர் ரஞ்சித் மல்லிக் என்ற இளைஞனாகவே வருகிறார். வெள்ளைக்கார நிறுவனம் ஒன்றில் வேலை கிட்டத்தட்ட உறுதி. ஒரே நிபந்தனை, கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு வர வேண்டும். அவனுடைய சூட்டோ சலவைக் கடையில் மாட்டிக்கொண்டிருக்கிறது. சலவைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம். இரவல் வாங்கிய சூட்டும் பேருந்து நெரிசலில் தொலைகிறது. கடைசியில் வேட்டியும் ஜிப்பாவுமாகப் போய் நிற்கிறான், வேலை இல்லை. நகரத்தில் ஆங்கிலேயத் துரைகளின் சிலைகளை அகற்றுவதைப் படத்தின் தொடக்கத்திலேயே காட்டிவிடுகிறார் சென். சிலை போயிற்று, சூட்டு போகவில்லை. கடைக் கண்ணாடிக்குள் சூட்டு மாட்டிக்கொண்டு நிற்கும் பொம்மைமீது ரஞ்சித் கல்லெறியும்போது, அவன் எதன்மீது எறிகிறான் என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-ல் திரைக்கு வந்த ராயின் 'ஜன ஆரண்ய' இந்த வரிசையிலேயே இருள் மிகுந்தது. வேலை கிடைக்காத சோம்நாத் தரகுத் தொழிலில் இறங்குகிறான். இங்கே வாங்கி அங்கே விற்பதில் தொடங்கி, ஓர் ஒப்பந்தத்துக்காக வாடிக்கையாளருக்குப் பெண் ஏற்பாடு செய்யும் இடம்வரை வந்து நிற்கிறான். அந்தப் பெண் அவனுடைய நண்பனின் தங்கை. அவனால் திரும்பிப் போக முடிந்திருக்கும், போகவில்லை. ஒப்பந்தம் கிடைக்கிறது, வீட்டில் அப்பாவுக்கு நிம்மதி. சித்தார்த்தன் மேசையைக் கவிழ்த்தான் என்றால், சோம்நாத் மேசைக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டான். இளைஞன் தோற்பதைவிட அவன் 'தேறிவிடுவது' பயங்கரமாக இருக்க முடியும் என்று சொன்ன படம் அது.

ஒரே தீபாவளி, இரண்டு படங்கள்

1980 தீபாவளிக்கு, நவம்பர் 6 அன்று, தமிழில் வேலையில்லாப் பட்டதாரிகளைப் பற்றி இரண்டு படங்கள் ஒன்றாக வெளிவந்தன. ஒன்று கே. பாலசந்தரின் 'வறுமையின் நிறம் சிவப்பு'. மற்றது பாரதிராஜாவின் 'நிழல்கள்'. இரு பெரும் இயக்குநர்களும் ஒரே நேரத்தில் ஒரே காயத்தைத் தொட்டார்கள் என்றால், அன்றைய வேலைவாய்ப்பு அலுவலக வரிசைகள் எவ்வளவு நீளமாக இருந்திருக்க வேண்டும்!

பாலசந்தர் சென்னையில் அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். அலுவலக மேசையின் இரண்டு பக்கமும் அவருக்குத் தெரியும். கமல்ஹாசன் ஏற்ற ரங்கன் பாரதியைப் பாடமாக அல்லாமல் மூச்சாக வைத்திருப்பவன். டெல்லியில் ஓர் அறையில் நண்பர்களோடு பட்டினி கிடக்கிறான். ஸ்ரீதேவியின் தேவி வாசலில் நிற்கும்போது, உள்ளே அவர்கள் வயிறாரச் சாப்பிடுவதுபோல் பாத்திரங்களை உருட்டி நடிக்கும் காட்சியை ஒரு முறை பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். பசியைவிடப் பசியை ஒருத்தி தெரிந்துகொண்டுவிடுவாளோ என்ற வெட்கம்தான் அந்த வயதில் பெரிது. சேற்றில் விழுந்த ஆப்பிளை எடுக்கக் கை நீளும் இடத்தில் அந்த வெட்கமும் உதிர்ந்துபோகிறது. நேர்காணல்களில் ரங்கன் எதிர்த்துப் பேசுகிறான். வேலை கிடைக்காது என்று தெரிந்தே பேசுகிறான். கடைசியில் முடிதிருத்தும் கடையில் வேலைக்குச் சேர்கிறான். சங்கீதத்தில் ஊறிய அப்பா அவனை அங்கே காண வேண்டியிருக்கிறது. உழைப்பில் இழிவில்லை என்று 1980-ல் சொல்வது எளிதாக இருந்திருக்காது. அந்தத் தொழிலைத் தலைமுறை தலைமுறையாக ஊர் யார்மீது சுமத்தியிருந்தது என்ற அடுத்த கேள்விக்குள் படம் போகவில்லை. அதற்குத் தமிழ் சினிமா இன்னும் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

'நிழல்கள்' மணிவண்ணன் எழுதிய படம். வைரமுத்துவின் முதல் திரைப்பாடல் இதில்தான் ஒலித்தது. ரவி என்ற நடிகருக்கு வாழ்நாள் முழுவதும் ஒட்டிக்கொண்ட அடைமொழியும் இந்தப் படம் கொடுத்ததே. வேலை தேடும் பட்டதாரியும் இசைக் கனவு காணும் நண்பனும் சென்னையின் ஒண்டுக்குடித்தன அறையில் காலத்தைத் தள்ளுகிறார்கள். கிராமத்தைவிட்டு வெளியே வந்து பாரதிராஜா எடுத்த இந்த நகரப் படம் ஓடவில்லை. 'வறுமையின் நிறம் சிவப்பு' ஓடியது. இரண்டிலும் கோபம் ஒன்றுதான். ஆனால் ரங்கனுக்குப் பாரதி துணை இருந்தான், தேவி துணை இருந்தாள், கடைசியில் ஒரு கத்தரிக்கோலாவது கையில் இருந்தது. பிடித்துக்கொள்ள எதையும் கொடுக்காமல் வீட்டுக்கு அனுப்பும் படத்தைத் தீபாவளியன்று மக்கள் ஏற்கவில்லை என்பதில் வியப்பில்லை. அடுத்த ஆண்டே பாரதிராஜா 'அலைகள் ஓய்வதில்லை' படத்தில் காதலுக்குத் திரும்பி வெற்றி பெற்றார். இன்று 'நிழல்கள்' படத்தைப் பாடல்களுக்காக நினைவில் வைத்திருக்கிறோம். அந்த அறையின் இருட்டுக்காகவும் அதைத் திரும்பப் பார்க்கலாம்.

கத்தி சொன்ன பதில்

வேலை கேட்டுப் போனவனுக்குப் பதில் கிடைக்காதபோது, வெகுஜன சினிமா அவன் கையில் ஆயுதத்தைக் கொடுத்தது. சலீம்-ஜாவேத் எழுதி 1975-ல் வந்த 'தீவார்' அந்த வகையில் தலைசிறந்தது. அதில் ஒரு காட்சி எந்தக் கலைப்படத்துக்கும் குறைந்ததில்லை. தொழிற்சங்கத் தலைவரான அப்பா, குடும்பத்தைக் காப்பாற்ற வேறு வழியின்றி முதலாளியிடம் பணிந்துபோகிறார். ஊர் அவருடைய சின்னப் பையனைப் பிடித்து, அவன் அப்பன் திருடன் என்று கையில் பச்சை குத்தி அனுப்புகிறது. அமிதாப் பச்சனின் விஜய் எவ்வளவு உயரம் போனாலும், எந்தச் சட்டை போட்டாலும், சட்டைக்குள் அந்த எழுத்து இருக்கிறது. தான் யார் என்பதைத் தன் தோலில் அடுத்தவன் எழுதிவிட்டுப் போன இளைஞனின் கதை அது. தமிழில் 1981-ல் ரஜினிகாந்த் நடித்த 'தீ'யாக அது வந்தது.

'தீவார்' விஜயை வெற்றிபெற விடவில்லை. தாய் மடியில் சாக விட்டது. பின்னால் வந்த நூற்றுக்கணக்கான படங்கள் கோபத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அந்தப் பச்சைக்குத்தை விட்டுவிட்டன. வேலையில்லாதவன் நான்கு ரௌடிகளை அடித்தால் ஊர் திருந்திவிடும் என்று நம்பவைத்தன. அந்த நம்பிக்கையை உடைக்க ஒரு மலையாளப் படம் தேவைப்பட்டது.

லோகிததாஸ் எழுத, சிபி மலயில் இயக்கிய 'கிரீடம்' 1989-ல் வந்தது. மகன் சப்-இன்ஸ்பெக்டர் ஆக வேண்டும் என்பது கான்ஸ்டபிள் அச்சுதன் நாயரின் ஒரே ஆசை. கடைவீதியில் அப்பாவை ஒரு ரௌடி அடிக்கும்போது மகன் சேதுமாதவன் குறுக்கே விழுந்து அடிக்கிறான். வேறு படமாக இருந்தால் அங்கே விசில் பறந்திருக்கும். இங்கே அந்த நொடியிலிருந்து ஊர் அவனை ரௌடி என்று அழைக்கத் தொடங்குகிறது. பயத்தோடு பார்க்கிறார்கள், மரியாதை செய்கிறார்கள்; நிச்சயித்த கல்யாணம் நின்றுபோகிறது. அவன் விரும்பாத கிரீடம் தலையில் ஏறிவிடுகிறது. கடைசியில் கொலைகாரனாக நிற்கும் மகனைப் பற்றி, இவன் காவல் துறைக்குத் தகுதியற்றவன் என்று அப்பாவே மேலதிகாரியிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. திலகனின் குரல் உடைவதும் மோகன்லாலின் முகம் வெறுமையாவதும் ஒரே சட்டகத்தின் இரண்டு பக்கங்கள். இளைஞனின் வன்முறை அவனுக்கு விடுதலை தருவதில்லை, இன்னொரு முத்திரையைத்தான் குத்துகிறது என்று இவ்வளவு தெளிவாகச் சொன்ன இந்தியப் படம் குறைவு. 2007-ல் தமிழிலும் அதே பெயரில் எடுத்தார்கள்.

படித்தது குற்றமா?

1991-க்குப் பிறகு மேசை மாறியது. உலகமயம் புதிய வேலைகளைக் கொண்டுவந்தது. கூடவே, வசதியான வீட்டுப் பிள்ளைகளின் குழப்பத்தைப் பேசும் படங்களும் வந்தன. 'தில் சாஹ்தா ஹை' (2001), 'வேக் அப் சித்' (2009) போன்றவை நன்றாக எடுக்கப்பட்ட படங்களே. ஆனால் அந்த இளைஞர்களுக்கு அப்பாவின் நிறுவனம் பின்னால் காத்திருக்கிறது. தன்னைத் தேடுவதற்கான அவகாசத்தை அவர்களால் விலை கொடுத்து வாங்க முடிகிறது. அந்த அவகாசம் இல்லாதவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டது தமிழ்.

ராம் இயக்கிய 'கற்றது தமிழ்' 2007-ல் வந்தது. சென்னை தரமணியில் டைடல் பூங்கா திறந்து ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. பழைய மகாபலிபுரம் சாலையின் இருபுறமும் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. ஜீவா நடித்த பிரபாகர் தமிழில் எம்.ஏ. படித்தவன், தனியார் பள்ளி ஆசிரியன், மாதச் சம்பளம் இரண்டாயிரம் ரூபாய். அதே நகரத்தில், அதே வயதில், கணினி முன் உட்காருபவனுக்கு அதைவிடப் பல மடங்கு. தனக்குப் பிடித்ததைப் படித்தான், அதை நேசித்துப் படித்தான் என்பதே அவன்மீது தண்டனையாகத் திரும்புகிறது. வாழ்க்கை முழுவதும் வரிசையாக வந்த மரணங்களும் போலீசின் அவமானமும் சேர்ந்து அவனைக் கொலைகளுக்குத் தள்ளுகின்றன.

அந்தப் படத்தின் கோபம் தவறான ஆட்கள்மீது பாய்கிறது என்பது என் கருத்து. ஐ.டி. ஊழியரும் இன்னொரு மேசைக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர்தான்; இரவுப் பணியும் ஆட்குறைப்பும் அவர் தலைமேலும் தொங்குகின்றன. ஆனாலும் ராம் எழுப்பிய கேள்வி பொய்யானதில்லை. ஒரு சமூகம் எந்தப் படிப்புக்கு என்ன விலை வைக்கிறது என்பதில் அந்தப் படிப்பைப் படித்தவனின் தன்மதிப்பும் அடங்கியிருக்கிறது. தாய்மொழியில் பட்டம் பெற்றவன் தன் ஊரிலேயே அகதியாக உணர்ந்தான் என்றால் அதைப் பைத்தியம் என்று ஒதுக்கிவிட முடியாது. இந்தப் படமும் வெளிவந்தபோது பெரிதாக ஓடவில்லை. பிறகு ஒரு தலைமுறை மாணவர்கள் தேடித் தேடிப் பார்த்துத் தங்கள் படமாக்கிக்கொண்டார்கள்.

வீட்டுக்குள் ஒரு தேர்வாளர்

மேசை எப்போதும் அலுவலகத்தில் இருப்பதில்லை. விக்ரமாதித்ய மோட்வானேயின் 'உடான்' (2010) அதை வீட்டுக்குள் கொண்டுவந்தது. விடுதிப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட பதினேழு வயது ரோஹன் ஜாம்ஷெட்பூருக்குத் திரும்புகிறான். எட்டு ஆண்டுகளாகப் பார்க்க வராத அப்பா அவனுடைய கவிதை ஆசையைக் கேட்கக்கூடத் தயாரில்லை. 'சார்' என்றுதான் கூப்பிட வேண்டும். காலையில் உருக்குப் பட்டறை, மாலையில் பொறியியல் கல்லூரி. தினமும் விடியற்காலையில் அப்பா கையில் ஸ்டாப்வாட்சோடு மகனை ஓடவைக்கிறார். கடைசித் தூரத்தை இருவரும் போட்டியாக ஓடுவார்கள், ஜெயிப்பது அப்பா. படத்தின் முடிவில் மகன் ஓடத் தொடங்குகிறான். அப்பாவால் எட்டிப் பிடிக்க முடியவில்லை. தப்பித்தவன் அப்படியே போயிருக்கலாம். திரும்பி வந்து, அந்த வீட்டில் அடிவாங்கிக்கொண்டிருக்கும் குட்டித் தம்பியையும் கையோடு அழைத்துக்கொண்டு போகிறான். தன்னைக் கண்டுபிடிப்பது என்பதில் அடுத்தவனைக் கைவிடாதிருப்பதும் சேர்ந்தது என்று உபதேசமே இல்லாமல் சொல்லிவிடுகிறது அந்த முடிவு.

நம் நடுத்தரக் குடும்பங்களில் இந்தப் படத்தை அப்பாக்களும் பிள்ளைகளும் சேர்ந்து பார்க்க வேண்டும். அடிக்கிற அப்பாக்கள் குறைந்திருக்கலாம். பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று கேட்காமலே முடிவெடுக்கிற அப்பாக்கள் குறையவில்லை.

என்ன ஆளுங்க?

எல்லாத் தேர்வுகளுக்கும் முந்திய தேர்வு ஒன்று இந்த நாட்டில் உண்டு. அதற்கு யாரும் விண்ணப்பிப்பதில்லை; பிறந்தவுடன் முடிவு வந்துவிடுகிறது. வெகுநாள் நம் சினிமா இளைஞனின் வறுமையைப் பேசியது, வேலையின்மையைப் பேசியது. அவன் எந்தத் தெருவிலிருந்து வருகிறான் என்று கேட்காமலே பேசியது. கடந்த பதினைந்து ஆண்டுகளில் வந்த பெரிய மாற்றம் இந்த மௌனம் உடைந்ததுதான்.

நீரஜ் கெய்வானின் 'மசான்' (2015) படத்தில் தீபக் காசியின் மயானப் படித்துறையில் பிணம் எரிக்கும் டோம் சமூகத்துப் பையன். பாலிடெக்னிக்கில் பொறியியல் படிக்கிறான். கவிதை பிடித்த ஒரு பெண்ணை நேசிக்கிறான். வீடு எங்கே என்று அவள் கேட்கும்போது அவனால் உடனே சொல்ல முடிவதில்லை. ஒருநாள் எரிக்க வந்த உடல்களில் ஒரு விரலில் தெரிந்த மோதிரத்தை அடையாளம் கண்டுகொள்கிறான். தான் தப்பிக்க நினைத்த தொழிலின் நடுவிலேயே தன் காதலைப் பார்க்க நேர்ந்த அந்தக் கணத்தில் விக்கி கௌஷல் அழுவதில்லை. அழுகை பிறகு, நண்பர்கள் நடுவே வருகிறது.

தமிழில் மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' (2018) இதை இன்னும் நேருக்கு நேர் பேசியது. திருநெல்வேலி சட்டக் கல்லூரியில் சேரும் பரியன், தன் பெயரோடு பி.ஏ., பி.எல். என்று போட்டு மேலே ஒரு கோடும் போட்டுக்கொள்கிறான். இன்னும் முடிக்கவில்லை என்பதற்கான கோடு அது. படித்து முடிக்கும் முன்பே பட்டத்தை உரிமையோடு தொட்டுப் பார்க்கிற அந்த ஆசையில் ஒரு தலைமுறையின் முழுக் கனவும் இருக்கிறது. வகுப்பில் ஆங்கிலம் புரியவில்லை. அப்பாவை அழைத்துவா என்றால், வேறொருவரை அப்பாவாக நடிக்கவைத்துக் கூட்டிவருகிறான். உண்மையான அப்பா கூத்தில் பெண் வேடமிட்டு ஆடுபவர். பிறகு அந்த அப்பா கல்லூரிக்கு வரும்போது அவருக்கு நேரும் அவமானம், தமிழ்த் திரையில் நாம் பார்த்த கொடிய காட்சிகளில் ஒன்று.

தன்னை நேசிக்கும் பெண்ணின் வீட்டாரால் பரியன் அடிபடுகிறான், சாகடிக்கப்பட இருக்கிறான். கத்தியை எடுக்க எல்லா நியாயமும் அவனுக்கு இருக்கிறது. இறுதியில் அவன் உட்கார்ந்து பேசுகிறான். நீங்கள் நீங்களாகவே இருக்கும்வரை, நான் இப்படியே இருக்க வேண்டும் என்று நீங்கள் எதிர்பார்க்கும்வரை எதுவும் மாறாது என்று காதலித்தவளின் அப்பாவுக்கும் அவளுடைய உறவுக்கார இளைஞனுக்கும் முன்னால் சொல்கிறான். இந்த முறை கேள்வி கேட்கிற பக்கம் அவன் உட்கார்ந்திருக்கிறான், பதில் சொல்ல வேண்டியவர்கள் எதிரே. அரை நூற்றாண்டு நேர்காணல் காட்சிகளுக்குப் பிறகு நம் சினிமாவில் நடந்த மிகப் பெரிய இடமாற்றம் இதுவே என்பேன்.

தேடலின் செலவை யார் கொடுத்தார்கள்?

இதுவரை எண்ணிய பெயர்களில் பெரும்பாலும் ஆண்கள். அதற்குக் காரணம் பெண்களுக்குக் கொந்தளிப்பு இல்லாததில்லை. ஆணின் கொந்தளிப்புக்குத் தேடல் என்று பெயர்; பெண்ணின் கொந்தளிப்புக்குத் திமிர் என்று பெயர்.

பாலசந்தரின் 'அவள் ஒரு தொடர்கதை' (1974) படத்தில் இதற்கு ஓர் அப்பட்டமான காட்சி வடிவம் உண்டு. வாழ்வின் பொருள் தேடி அப்பா துறவு பூண்டு வீட்டைவிட்டுப் போய்விட்டார். குடிகார அண்ணன், விதவைத் தங்கை, பார்வையற்ற தம்பி என்று மொத்தக் குடும்பமும் வேலைக்குப் போகும் கவிதாவின் தோளில். சுஜாதா அந்தப் பாத்திரத்தைச் சிடுசிடுப்போடு நடித்தார். தியாகத்தின் புன்னகை ஒன்றைக்கூட நமக்குத் தரவில்லை. அப்பா பொருள் தேடிப் போனதன் செலவை மகள் மாதச் சம்பளத்தில் கட்டிக்கொண்டிருக்கிறாள். இன்றும் எத்தனை வீடுகளில் அண்ணன் குழப்பத்தில் இருக்கத் தங்கை வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறாள்!

அதற்குப் பதினொரு ஆண்டுகளுக்கு முன்பே ராயின் 'மகாநகர்' (1963) வந்திருந்தது. வீடு வீடாகப் பின்னல் இயந்திரம் விற்கும் ஆரத்தி, சம்பளக் கவரை முதன்முதலாகக் கையில் வாங்கும்போது கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கிறாள். கணவனுக்கு வேலை போய், குடும்பம் அவள் சம்பளத்தை மட்டும் நம்பியிருக்கும் நேரத்தில், உடன் வேலைபார்த்த ஆங்கிலோ-இந்தியப் பெண்ணுக்கு நேர்ந்த அநியாயத்துக்காக வேலையை விட்டுவிடுகிறாள். மேசையைக் கவிழ்க்கவில்லை. கடிதத்தை வைத்துவிட்டு இறங்கி வருகிறாள். சித்தார்த்தனுக்கு ஏழு ஆண்டுகள் மூத்த கலகக்காரி அவள்.

பாயல் கபாடியாவின் 'ஆல் வீ இமேஜின் ஆஸ் லைட்' 2024-ல் கான் திரைப்பட விழாவில் கிராண்ட் ப்ரீ விருதை வென்றது. அந்த விழாவின் முதன்மைப் போட்டிப் பிரிவுக்கு இந்தியப் படம் ஒன்று தேர்வானது முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு. மும்பையில் நர்சு வேலை பார்க்கும் மலையாளிப் பெண்கள் அதில் வருகிறார்கள். இளையவள் அனு ஓர் இஸ்லாமிய இளைஞனை நேசிக்கிறாள். அவன் வீட்டில் ஆள் இல்லாத நாளில் போவதற்காக புர்கா ஒன்றை வாங்கி அணிந்துகொண்டு கிளம்புகிறாள். திட்டம் வழியிலேயே கலைகிறது. மூத்தவள் பிரபாவுக்கு, வெளிநாட்டுக்குப் போய்ப் பேச்சையே நிறுத்திக்கொண்ட கணவனிடமிருந்து வருவதுபோல் ஜெர்மனியில் செய்த ரைஸ் குக்கர் ஒன்று வந்து சேர்கிறது. ஒருத்திக்கு இருக்க இடமில்லாத காதல், ஒருத்திக்கு ஆளில்லாத கல்யாணம். இருவரும் யார் என்பதை ஊரும் வீடும் தீர்மானித்துவிட்டன. அவர்கள் சத்தம் போடாமல் அதை மாற்றி எழுதுகிறார்கள். 2015-ல் புனே திரைப்படக் கல்லூரியில் 139 நாள் நடந்த மாணவர் போராட்டத்தில் பங்கேற்றவர்களில் ஒருவர் கபாடியா. அந்தக் கூட்டு அனுபவத்தின் தடம், பெண்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் காட்சிகளில் தெரிகிறது.

தேர்வானவனும் தேர்வாகாதவர்களும்

இன்றைய நிலைக்கு இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். விது வினோத் சோப்ராவின் '12த் ஃபெயில்' (2023), சம்பல் பகுதிக் கிராமத்துப் பையன் ஒருவன் பன்னிரண்டாம் வகுப்பில் தோற்று, மாவு அரைவையில் வேலைபார்த்து, குடிமைப் பணித் தேர்வில் வெல்லும் உண்மைக் கதை. அதன் உச்சமும் நேர்காணல் அறைதான். விக்ராந்த் மாசே உண்மையைப் பேசுகிறார். இந்த முறை உண்மைக்கு வேலை கிடைக்கிறது. நானும் அந்த இடத்தில் நெகிழ்ந்தேன். ஆனால் அந்தத் தேர்வுக்கு ஆண்டுதோறும் விண்ணப்பிப்பவர்கள் பத்து லட்சம் அளவில். இறுதியில் தேர்வாகிறவர்கள் ஆயிரம் அளவில். ஒருவன் ஜெயித்த கதை மற்றவர்களுக்கு உரமாகலாம். அதுவே, ஜெயிக்காதவன் போதிய அளவு உழைக்கவில்லை என்ற தீர்ப்பாகவும் மாறிவிடும். சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் கன்னிமாராவிலும் போட்டித் தேர்வுப் புத்தகங்களோடு ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு இந்தத் தீர்ப்பின் எடை தெரியும்.

நீரஜ் கெய்வானின் 'ஹோம்பவுண்ட்' (2025) மறுபக்கத்தைக் காட்டுகிறது. ஆஸ்கர் விருதுக்கு இந்தியா அனுப்பிய படம் இது. ஓர் இஸ்லாமிய இளைஞனும் ஒரு தலித் இளைஞனும் உயிர் நண்பர்கள். இருவரும் போலீஸ் கான்ஸ்டபிள் தேர்வு எழுதுகிறார்கள். அந்தச் சீருடையைப் போட்டுவிட்டால் பெயரைக் கேட்டு யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. முடிவு வருவதில்லை, வந்தாலும் பணியாணை வருவதில்லை. தலித் இளைஞன், தனக்குரிய இடஒதுக்கீட்டுக் கட்டத்தை விட்டுப் பொதுப் பிரிவைக் குறிக்கிறான். உரிமையைக் கேட்டால் அடையாளம் வெளிப்பட்டுவிடும் என்ற பயம். காத்திருந்து அலுத்து சூரத் நகர நெசவு ஆலைக்குப் போகிறார்கள். 2020 ஊரடங்கு அவர்களை நெடுஞ்சாலையில் கொண்டுவந்து விடுகிறது. நாடு பார்த்துக் கலங்கிய ஓர் உண்மை நிகழ்ச்சியிலிருந்து பிறந்த படம் என்பதால், அதன் முடிவை இயக்குநரின் கற்பனை என்று தள்ளிவிடவும் வழியில்லை.

இந்தப் படங்களையெல்லாம் சேர்த்துப் பார்த்த பிறகு எனக்கு ஒரு விஷயத்தில் சந்தேகமில்லை. நம் இளைஞர்களிடம் திசையில்லை, பொறுமையில்லை, கைப்பேசியைத் தவிர ஒன்றுமில்லை என்று பெரியவர்கள் சொல்வது பழைய பாட்டு. இந்த இளைஞர்கள் எல்லோரிடமும் பதில் இருந்தது. வியட்நாம் என்று சொன்னவனிடம் இருந்தது, தமிழ் படித்தவனிடம் இருந்தது, கடிதத்தை வைத்துவிட்டு இறங்கியவளிடம் இருந்தது. கேட்டவர்களுக்குத்தான் அந்தப் பதிலைக் கேட்கும் காது இல்லை.

இன்று தமிழின் பெரிய முதலீட்டுப் படங்கள் இளைஞனைப் பெரும்பாலும் ரசிகனாகவே பார்க்கின்றன. திரையில் ஐம்பதைத் தாண்டிய நாயகர்கள் சாகசம் செய்கிறார்கள். இருபது வயதுக்காரன் டிக்கெட் வாங்கிக் கைதட்டுகிறான். அவனுடைய நாள் எப்படிப் போகிறது? உணவு விநியோக வண்டியில் செயலி தரும் நட்சத்திரத்துக்காக ஓடுகிறவன், ஐந்தாவது முறையாகக் குரூப் தேர்வு எழுதுகிறவள், ஒப்பந்தத் தொழிலாளியாகத் தொழிற்பேட்டை விடுதியில் ஷிப்ட் மாறிமாறித் தூங்குகிற பொறியியல் பட்டதாரி ஆகியோரின் கதைகளுக்கு நம் திரையில் இன்னும் போதிய இடமில்லை. அவற்றை எடுக்கும் திறமை தமிழில் உண்டு என்பதை 'பரியேறும் பெருமாள்' நிரூபித்தது. அத்தகைய படத்துக்குக் கூட்டம் வரும் என்பதையும் நிரூபித்தது. தயாரிப்பாளர்கள் துணிய வேண்டும். பார்வையாளர்களாகிய நாம் அந்தப் படங்களுக்கு முதல் வாரத்திலேயே போக வேண்டும். பத்து ஆண்டு கழித்துத் தேடிக் கண்டுபிடித்துக் கொண்டாடுவது, எடுத்தவருக்கும் உதவாது, எடுக்கக் காத்திருப்பவருக்கும் உதவாது.